வசூல் நின்ற வாரத்தில் வரும் புதுத் தொழில் ஆசை

சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் புதுத் தொழில் ஆசை எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆர்டர் குவிந்து கிடக்கும் வாரத்தில் வராது. கடைக்காரர் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணே" என்று பில்லைத் திருப்பிக் கொடுத்த அன்று வரும். மசாலாப் பொடி போடுகிறவருக்கு அன்று ராத்திரி யூடியூபில் மரச்செக்கு எண்ணெய் கண்ணில் படும். இன்னும் நாலு வீடியோ தள்ளினால் சிறுதானிய நூடுல்ஸ்.

முதல் தவறு கணக்கில் நடக்கிறது. பொடியின் கணக்கு அடிபட்டு வந்த கணக்கு. திரும்பி வந்த சரக்கு, டீலர் மார்ஜின், வராத பாக்கி எல்லாம் அதில் கழிந்திருக்கும். எண்ணெயின் கணக்கோ காகிதத்தில் மட்டும் இருக்கிறது: கடலை இவ்வளவு, ஆட்டுக்கூலி இவ்வளவு, மீதி லாபம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எண்ணெய்தானே ஜெயிக்கும்! அந்த எண்ணெயையும் அதே கடைக்காரரிடம் அதே கடனுக்குத்தான் போடப்போகிறோம் என்பது காகிதத்தில் இல்லை.

இதைவிட ஆபத்தானது, "அதே கடை, அதே வண்டி, கூட ஒரு பொருள்தானே" என்கிற எண்ணம். எண்ணெய் வரை போக வேண்டாம், பூண்டுப் பொடி ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பூண்டு அரைத்த மெஷினைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்து அரைக்கும் சாம்பார் பொடியில் வாசனை ஏறும். கழுவி, துடைத்து, ஈரம் போகக் காயவைக்கும் வரை மெஷின் சும்மா நிற்கும். அச்சடித்த பவுச் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர், அதற்குத் தனிக் காசு, குறைந்தபட்ச ஆர்டர் வேறு. நூறு பாக்கெட் விற்றுப் பார்க்கலாம் என்று இறங்கியவர் வீட்டுப் பரணில் ஆயிரக்கணக்கில் பவுச் அடுக்கியிருப்பார். எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று சோதிக்க வேண்டும். உரிமத்தில் இல்லாத வகையென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் அதைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர் ஒரே ஆள்.

பணத்தில் நடக்கும் தவறு பழையது. கரண்ட் அக்கவுண்டில் தெரியும் தொகையில் பாதி மல்லி, மிளகாய் கொடுத்த மண்டிக்காரருடையது. அதை நம் பணம் என்று நினைத்துச் செக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். சிசி லிமிட், அதாவது சரக்குச் சுழற்சிக்கு பேங்க் தரும் கடன், அதிலிருந்து எடுத்து மெஷின் வாங்குவதும் இதே கதை. சரக்கில் சுற்ற வேண்டிய பணம் இரும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெஷின் வாங்கியே தீர வேண்டுமென்றால் தவணையில் கட்டும் டெர்ம் லோன் போங்கள்.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. டென்மார்க்கின் லெகோ, பொம்மைக் கட்டைகளோடு நிற்காமல் வீடியோ கேம், துணிமணி, கேளிக்கைப் பூங்கா என்று பரவி, 2003 வாக்கில் மூழ்கும் நிலைக்கு வந்தது. 2004இல் பொறுப்பேற்ற ஜோர்கன் விக் நுட்ஸ்டோர்ப் பூங்காக்களின் பெரும்பங்கை விற்று, தயாரிக்கும் கட்டைகளின் வகைகளையும் பெருமளவு வெட்டினார். கம்பெனி கட்டையாலேயே மீண்டது.

இதற்காக வருகிற யோசனையை எல்லாம் விரட்டுவதும் தவறுதான். நோட்டில் எழுதிவையுங்கள். வசூல் நன்றாக வந்த ஒரு வாரத்தில் எடுத்துப் படியுங்கள். பாதி அப்போதே சப்பென்று தெரியும். மிச்சமிருப்பதற்கு மெஷின் வாங்கும் முன், வேறொருவர் ஆட்டிய எண்ணெயை வாங்கி உங்கள் கடைகளில் போட்டுப் பாருங்கள். "கொண்டாங்க, பாக்கலாம்" என்பது ஆர்டர் ஆகாது. கையில் காசு கொடுத்து, இரண்டாவது தடவையும் கேட்டால்தான் கணக்கு.

பொடியை யார் பார்ப்பார்கள் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். "ரெண்டையும் நானே பாத்துக்குவேன்" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று கடை கடையாக லைனுக்குப் போகிற பையன் உங்களைக் கேட்காமல் சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால் முதலில் அந்தப் பாக்கி நோட்டைச் சரிசெய்யுங்கள், செக்கு பிறகு வரட்டும்.