லேகாக் கிராமத்தில் ஓரிரவு: பி அண்ட் பி-யில் முதன்முறை தங்குவோருக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வட்டாரத்திலுள்ள லேகாக், சாலிஸ்பரி கோமகள் ஈலா 1232-இல் நிறுவிய கன்னியர் மடத்தை ஒட்டி வளர்ந்த ஊர். மடத்தையும் ஊரின் பெரும்பகுதியையும் மட்டில்டா டால்பட் அம்மையார் 1944-இல், பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக அளித்ததால், பழைய வீடுகள் இன்றும் கட்டுக்குலையாமல் நிற்கின்றன. பகலில் அங்கே கூட்டம் மிகுதி. மாலையில் வெளியூரார் திரும்பிய பிறகுதான் ஊரின் உண்மையான அழகு தெரியும் என்பதால், ஓரிரவாவது தங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

1. முன்பதிவு

பி அண்ட் பி என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே அறையும் காலை உணவும் தரும் ஏற்பாடு. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே சிலவற்றை எழுதிக் கேட்டுவிட வேண்டும். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே இருந்தாலும் உங்களுக்கு மட்டுமானதா, பிறருடன் பகிர வேண்டியதா என்பது முதற்கேள்வி. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களில் மின்தூக்கி வைப்பது அரிது. மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும் என்பதால், முதியவர்கள் உடன் வந்தால் தரைத்தள அறை உண்டா என்று கேளுங்கள். சில வீடுகளில் சிறு குழந்தைகளுக்கு இடமில்லை. சைவ உணவுக்காரர் என்றால் அதையும் அப்போதே தெரிவியுங்கள்.

2. சென்று சேர்தல்

லண்டன் பேடிங்டனிலிருந்து சிப்பென்ஹாமுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து லேகாக் சுமார் 5 கிலோமீட்டர். பேருந்தோ டாக்சியோ பிடிக்கலாம்.

3. அறைக்குள் நுழைதல்

பெரும்பாலும் பிற்பகல் 3 அல்லது 4 மணிக்குப் பிறகே அறை கிடைக்கும். வரவேற்பு மேசையில் எந்நேரமும் ஆள் இருக்கும் விடுதி அல்ல இது; நீங்கள் வரும் நேரத்தைச் சொல்லிவைத்தால்தான் வீட்டார் காத்திருப்பார்கள், தாமதமானால் தொலைபேசியில் தெரிவிப்பதே மரியாதை. குளியலறை விளக்குக்குச் சுவரில் சுவிட்ச் இல்லையென்றால், கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய்கள் இருக்கலாம். வெந்நீர் கையைச் சுடும் அளவுக்கு வரும் என்பதால் கவனம் தேவை. இந்திய பிளக்குகள் அங்கே பொருந்தாது, அடாப்டர் கொண்டுசெல்லுங்கள்.

4. இரவு உணவு

பி அண்ட் பி-யில் பொதுவாக இரவு உணவு கிடையாது. கிராமத்து பப்களில் சமையலறையைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். ஞாயிறு மாலையில் சமையலே இல்லாமலும் போகலாம். மேசையை முன்கூட்டியே சொல்லிவைத்து, சாப்பிட்டபின் சர்ச் தெரு வழியே புனித சிரியாக் தேவாலயம் வரை நடந்துவிட்டு வாருங்கள்.

5. காலை உணவு

எத்தனை மணிக்கு வேண்டும் என்று முந்தைய நாளே கேட்பார்கள். முழு ஆங்கிலக் காலை உணவில் பன்றி இறைச்சி, சாசேஜ், முட்டை, தக்காளி, காளான், பீன்ஸ், டோஸ்ட் ஆகியவை வரும். இவற்றோடு வரக்கூடிய பிளாக் புட்டிங் என்பது பன்றி இரத்தத்தில் செய்வது; வேண்டாமென்றால் சொல்லிவிடலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

6. புறப்படுதல்

அறையைப் பெரும்பாலும் 10 மணியளவில் காலி செய்ய வேண்டும். பெட்டியைச் சற்று நேரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டு மடத்துக்குச் செல்லுங்கள். 1835-இல் புகைப்படக்கலை முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் நெகட்டிவ் படமாகப் பதிவுசெய்த சன்னல் அங்கேதான் இருக்கிறது. திறப்பு நேரம் பருவத்துக்கேற்ப மாறுவதால், நேஷனல் டிரஸ்ட் இணையதளத்தில் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.