பால்பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

தாய்ப்பால் போதவில்லை, பவுடர்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரே சொன்ன பிறகு படிக்க வேண்டியது இது. "பிள்ளை மெலிஞ்சு போச்சு"ன்னு ஆச்சி சொன்னதுக்காக மட்டும் டப்பா வாங்கக் கிளம்பாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ முதலில் எடை போட்டுப் பாருங்கள்.

சரி, கடையில் டப்பா கைக்கு வந்தாயிற்று. முன்பக்கத்தை ரொம்ப நேரம் பார்க்க வேண்டாம். 1992-ல் வந்த சட்டப்படி அதில் குழந்தை படமோ தாய் படமோ போடக்கூடாது, அதனால் கம்பெனிக்காரர்கள் நிறத்தையும் 'மூளை வளர்ச்சி' மாதிரியான வார்த்தைகளையும் வைத்துத்தான் இழுப்பார்கள். அங்கே உங்களுக்கு வேண்டியது எண் மட்டும்தான். 1 என்றால் பிறந்ததிலிருந்து 6 மாதம் வரைக்கும், 2 என்றால் அதற்கு மேல். கடையில் 1 இல்லை என்று மூன்று மாதப் பிள்ளைக்கு 2-ஐ வாங்கி வரக்கூடாது. 6 மாதம் முடிந்ததும் 2-க்கு மாறியே ஆக வேண்டுமா என்றால், அந்த வகைப் பவுடரே தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு வயதுக்கு மேல் 3, 4 என்று வருவதற்கெல்லாம் செலவழிக்க வேண்டியதில்லை, வீட்டுப் பசும்பாலே போதும்.

இப்போது டப்பாவைத் திருப்புங்கள். சேர்மானங்களை அளவில் அதிகமானதில் தொடங்கி வரிசையாகத்தான் எழுதுவார்கள். தாய்ப்பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ், ஆகவே முன்வரிசையில் அது இருப்பது நல்லது. சுக்ரோஸ் (நாம் காபிக்குப் போடும் சர்க்கரைதான்), மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுப்பது) முன்னால் வந்தால் அடுத்த டப்பாவையும் எடுத்துப் பாருங்கள். லாக்டோஸ் இல்லாதது, சோயா, குறைமாதப் பிள்ளைக்கானது எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்தான்.

சத்து அட்டவணையில்தான் பலர் ஏமாறுவது. ஒரு கட்டம் 100 கிராம் பவுடருக்கு, இன்னொன்று கலந்த 100 மில்லி பாலுக்கு. ஒரு கம்பெனியின் பவுடர் கணக்கையும் இன்னொன்றின் பால் கணக்கையும் ஒப்பிட்டால் எது நல்லது என்று ஒன்றும் விளங்காது. கலந்த பாலை வைத்தே பாருங்கள், எல்லாமே 100 மில்லிக்கு 60-லிருந்து 70 கிலோ கலோரிக்குள்தான் நிற்கும். ஆகவே விலை கூடியது சத்து கூடியது என்று நினைக்க வேண்டாம்.

துபாயிலிருந்து மச்சான் டப்பா கொண்டு வந்தால் கலக்கும் முறை நமக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். கரண்டி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்றின் கரண்டியை இன்னொன்றில் போட்டால் அளவு கெட்டுவிடும். இங்கே பெரும்பாலும் 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்று இருக்கும், தலை தட்டிய கரண்டி, குவித்தது இல்லை. முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். பவுடர் கிருமியே இல்லாததல்ல, அதனால் கொதித்த தண்ணீர் அரை மணிக்கு மேல் ஆறுவதற்குள் கலந்து, பிறகு பாத்திரத்தோடு பச்சைத் தண்ணீரில் வைத்து ஆற்றுங்கள். ராதாபுரம் பக்கம் போல போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற ஊரென்றால் குடிதண்ணீரைத்தான் கொதிக்க வைக்க வேண்டும், உப்பு கொதித்தாலும் போகாது.

காலாவதி தேதியையும் டப்பா நசுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள், எத்தனை வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பின்னாலேயே போட்டிருக்கும். புட்டியைவிடப் பாலாடையில் புகட்டுவது கழுவவும் சுலபம். பிள்ளை மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காமல் அப்போதே கொட்டிவிடுங்கள்.