மரம் செதுக்கப் பழகுபவர்களுக்கு

மரம் செதுக்கத் தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நார் ஓடும் திசை. அதன் போக்கில் கத்தியை நகர்த்தினால் சீவல் சுருண்டு, பரப்பு வழுவழுப்பாக வரும். எதிர்த்துப் போனால் கத்தி உள்ளே இறங்கி மரம் பிளந்துவிடும். அப்போது மேலும் அழுத்தாமல், கட்டையைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து செதுக்குங்கள். பழக பாஸ்வுட் மாதிரி மென்மையான மரம் போதும். தேக்கு, கருங்காலியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து: கூடுதலாக அழுத்துவோம், வழுக்கினால் விரல்தான். இடையிடையே பாலிஷ் பசை தடவிய தோல் பட்டையில் கத்தியைப் பின்னோக்கி இழுத்துத் தீட்டுங்கள். முன்னோக்கித் தள்ளினால் தோல் பட்டை வெட்டுப்படும். கட்டையைப் பிடிக்கும் கைக்கு வெட்டு தாங்கும் கையுறை கட்டாயம், இதில் சிக்கனம் வேண்டாம். உப்புத்தாள் கடைசியில்தான், மரத்தில் தங்கும் அதன் துகள் கத்தியின் கூர்மையைக் கெடுத்துவிடும்.