வாய்தாவுக்கு அலையும்போது பிள்ளையிடம் என்ன சொல்வது

விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சொல்வது உத்தமம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத நிலை என்றால், என்ன சொல்வது என்பதையாவது பேசி ஒத்துக்கொள்ளுங்கள். என் மகளிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவும் அம்மாவும் இனி ஒரே வீட்டில் இருக்கப்போவதில்லை. இது நீ செய்த எதனாலும் இல்லை. நீ அம்மாவோடு அம்மாச்சி வீட்டில் இருப்பாய், பள்ளிக்கூடம் அதேதான். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து அழைத்துப் போவார்."

அவள் கேட்ட முதல் கேள்வி, "என் சைக்கிள் எந்த வீட்டில் இருக்கும்?" சிரித்துவிடாதீர்கள். பிள்ளைகள் பெரிய பயத்தைச் சின்னக் கேள்வியாகத்தான் கேட்பார்கள். பதில் சொல்லுங்கள். மறுநாள் அதையே கேட்டால் அதே பதிலைச் சொல்லுங்கள். "அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார்" என்ற பொய் மட்டும் வேண்டாம். தெருமுனையில் யாராவது ஓர் அத்தை அதை உடைத்துவிடுவார்.

தேதி சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருவரும் சம்மதித்து மனுப் போடவே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. அதைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கில் கிடைக்குமா என்பது நீதிபதி கையில். ஒருவர் எதிர்த்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். "அடுத்த மாதம் எல்லாம் முடிந்துவிடும்" என்று பிள்ளையிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

வழக்குக் காகிதக் கட்டு எதையும் வீட்டில் வைக்காதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதையும் படிக்கும், அதில் இருக்கும் சொற்கள் பெரியவர்களுக்கே தாங்காது. நான் என்னுடையதை அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். நீதிமன்றம் அழைத்துவரச் சொன்னால் ஒழிய பிள்ளையை அங்கே கூட்டிப்போகவும் வேண்டாம். அழைத்தாலும், "இப்படிச் சொல்" என்று பாடம் நடத்தாதீர்கள். ஐந்து வயது வரை தாயிடம், அதன் பின் தகப்பனிடம் என்று ஊரில் ஒரு சட்டம் பேசுவார்கள். பிள்ளைகளின் காப்பாளர் பற்றிய 1956ஆம் ஆண்டு இந்துச் சட்டம் சொல்வது, ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்பதுதான். எந்த வயதிலும் முதன்மையானது பிள்ளையின் நலன்.

இனி உறவினர்கள். நீதிமன்றத்தைவிட இவர்களைச் சமாளிப்பதுதான் பாடு. கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், "அப்பா பணம் அனுப்புகிறாரா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "அதை அம்மாவிடம் கேளுங்கள்" என்று சொல்ல மகளைப் பழக்கினேன். அது மரியாதைக் குறைவு என்றார் ஒரு பெரியம்மா. இருக்கட்டும். என் அம்மாவிடம், மகள் காதுபட அவள் அப்பாவைப் பற்றி எதுவும் பேசக்கூடாது என்றேன். பேச்சு நின்றது, பெருமூச்சு தொடங்கியது. பெருமூச்சும் வசைதான் என்பதைத் தனியாக இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அப்பத்தாவை மட்டும் அறுத்துவிடாதீர்கள். அந்தக் கிழவியோடு பிள்ளைக்கு எந்த வழக்கும் இல்லை.

பிள்ளை அப்பா வீட்டுக்குப் போய்த் திரும்பியதும் "சாப்பிட்டாயா?" என்பதோடு நிறுத்துங்கள். வீட்டில் யார் இருந்தார்கள், புதிய வண்டி வாங்கியிருக்கிறாரா என்று துருவினால், அடுத்த வாரம் முதல் பிள்ளை யோசித்துப் பேசத் தொடங்கும். பள்ளிக் கட்டணம், மருந்து, விடுமுறை எல்லாம் வாட்ஸ்ஆப்பில் நீங்களே எழுதுங்கள், வேறு எதையும் அதில் எழுதாமல். அவர் வராத ஞாயிறுகளும் இருக்கும். "வரவில்லை என்று செய்தி வந்தது, காரணம் எனக்குத் தெரியாது" என்பது போதும். தீபாவளியைக் காலையில் இங்கே எண்ணெய்க் குளியல், மாலையில் அங்கே வெடி என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பாசிரியருக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லி, யார் அழைத்துப்போக வரலாம் என்பதையும் எழுதிக்கொடுங்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பினாலோ, பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிறு வலித்தாலோ கவனியுங்கள். அடம்பிடித்த பிள்ளை திடீரென்று சொன்னதையெல்லாம் கேட்பதும் நல்ல அறிகுறி அல்ல. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடி உதை இருந்த வீடென்றால், சேர்ந்து பேசுங்கள் என்று நான் சொன்னது உங்களுக்கு இல்லை. பாதுகாப்புதான் முதலில், பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்றால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். எண் 15100.

அழுகை வரும். தோழியிடம் அழுங்கள், மொட்டை மாடியில் அழுங்கள். "எனக்கு இனி நீ மட்டும்தான்" என்று பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், அத்தனை சுமை அதற்கு வேண்டாம்.

இனிஷியலை மாற்றிவிடு என்று இப்போதே என்னிடம் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெயர்ப் பட்டியல் போகும்போது அவளையே கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.