தச்சுப் பட்டறைக்குத் தகரக் கொட்டகை
கொட்டகை போடுபவர்கள் கூரைக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடத் தூண் குழிக்குக் காட்டுவதில்லை. குழி 3 அடி ஆழமாவது இருக்க வேண்டும். கரிசல் மண்ணாயின், மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் அம்மண்ணைக் கடந்து கெட்டித் தரை தட்டும்வரை தோண்டி, இரும்புத் தூணின் அடியில் குறுக்குக் கம்பி பற்றவைத்து, தூக்குக்குண்டால் நேர் பார்த்த பின்னரே கான்கிரீட் இட வேண்டும். பெருங்காற்று கூரையை மேலே இழுக்கும்போது தூணைப் பிடித்து நிறுத்துவது அக்கம்பியே. கான்கிரீட்டைத் தரைக்குச் சற்று மேலாக உயர்த்திச் சரிவாகப் பூசினால், தூணடியில் நீர் தேங்காது.

தகடுகளை அவற்றின் மேட்டில் துளையிட்டு, ரப்பர் வாஷருடன் முடுக்க வேண்டும்; பள்ளத்தில் துளையிட்ட என் முதல் கொட்டகை ஒழுகி, புது இழைப்புளி ஒரே மழையில் துருவேறியது. வேலை மேசைக்கு வடக்குச் சன்னலோரம் ஏற்றது. இயந்திரங்களுக்கு எர்த் கம்பி கட்டாயம்.