மூன்றாவது சுற்றுக்கு மனத்தைப் பழக்குவது எப்படி

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் உண்டு. உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. பெரும்பாலும் ஆள் தளர்வது கடைசிச் சுற்றில் அல்ல, மூன்றாவது சுற்றில்தான். தொடக்க வேகம் தீர்ந்து, முடிவும் கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தில், கால் ஓய்வதற்கு முன்பே மனம் ஓய்ந்துவிடுகிறது. மன உறுதிக்காக ஓடுகிறவர் தம் பயிற்சியை அந்த இடத்தைக் குறிவைத்தே அமைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி செய்தால் வலி தெரியாமல் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு வாரம் மிதிவண்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி தொடங்கும் கட்டம் மாறவில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளும் திறனே கூடியது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் ஆறு வாரங்களுக்கு வாரம் மூன்று நாள், முப்பது நிமிடம், முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓடினால் போதும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்குக் கடற்கரைச் சாலையைவிட நல்ல இடம் இல்லை. சமதளம், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களும் வருவதில்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்களுக்கு முன்னங்கால் எலும்பில் வலி வந்து, வைராக்கியம் சோதிக்கப்படுவதற்கு முன்பே பயிற்சி நின்றுபோகும்.

அதன்பின் அந்த மூன்று நாள்களில் ஒன்றை மட்டும் கடினமாக்க வேண்டும். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை ஓடுகிறவரே மதிப்பிட்டுக்கொள்ள, சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. அதில் 13 ‘சற்றுக் கடினம்’, 17 ‘மிகக் கடினம்’. பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடேற்றியபின், 15-க்கும் 17-க்கும் இடைப்பட்ட உழைப்பில் மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று நான்கு முறை செய்ய வேண்டும். எத்தனை முறை என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மூச்சு வாங்கும்போது மனத்தோடு பேரம் பேசினால் அது எப்போதும் மனத்துக்கே சாதகமாக முடியும்.

மூன்றாவது முறையில் ‘போதும்’ என்ற எண்ணம் எழும்போது, முதலில் இறுகிய விரல்களையும் தோள்களையும் தளர்த்தி, வெளிமூச்சை நீட்டி விட வேண்டும். பிறகு, முன்பே தேர்ந்து வைத்த சிறு சொல் ஒன்றைத் தமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். 2014-இல் வெளியான மற்றொரு ஆய்வில், இவ்வாறு தம்மோடு பேசிக்கொள்ளக் கற்றவர்கள் களைத்து நிறுத்தும் வரையிலான நேரம் சுமார் 18 விழுக்காடு கூடியது. சுவரில் ஒட்டும் பொன்மொழிகள் இங்கே உதவாது. இரைக்கிற மூச்சில் ‘விடாத, போ’ என்பதற்கு மேல் எதுவும் நிற்காது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுவது மற்ற நாள்களுக்கு நல்லது. இந்த நாளில், கவனிக்க வேண்டியதையே அது மறைத்துவிடும்.

இரவு முழுவதும் கணக்குப் பார்த்தோ தேர்வுக்குப் படித்தோ களைத்த மறுநாள் காலையைக் கடினப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மூளைக்கு 90 நிமிடம் கடும் வேலை கொடுத்தபின் மிதிவண்டி மிதித்தவர்கள், இதயம் வழக்கம்போல் இயங்கியும், முன்னதாகவே நிறுத்திவிட்டதைச் உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேலே மார்கோராவின் குழு 2009-இல் காட்டியது.

மணலில் ஓட விரும்புகிறவர்கள் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கெட்டித் தரையைவிட உதிரி மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. அலை நனைத்த ஓரம் கெட்டியானது, ஆனால் சரிவானது. ஆகவே போன தூரம் திரும்பியும் ஓடினால் ஒரே கணுக்காலில் பாரம் விழாது.

கோடையில் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை உலராததால் உடல் எளிதில் சூடேறும். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆறு மணிக்கு முன்பே தொடங்குவது நல்லது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே கடின நாளைச் சேர்க்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வெயிலில் குளிர் நடுக்கம், ஒரே மூட்டில் குத்தும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். நெஞ்சு இறுக்கம் என்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டுவலியால் நிறுத்தியவர் விட்டதை மறுநாளே ஈடுகட்ட முயலக் கூடாது. வலி நீங்கும் வரை ஓய்வு, அதன்பின் ஒரு வாரமாவது மெதுவான ஓட்டம் மட்டுமே.