பிரெஞ்சு வாடிக்கையாளர் கடன் சீரமைப்பில் இறங்கினால்: சென்னை சப்ளையருக்கு

முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் ஒரகடத்து இந்தியக் கிளைக் கம்பெனியின் பெயரில் இருந்தால் பிரெஞ்சு நீதிமன்ற நடவடிக்கை அந்தப் பாக்கியைத் தொடாது. பிரான்ஸில் உள்ள தாய் நிறுவனத்தின் பெயரில் என்றால்தான் அவசரம்.

அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் லாபக் கணக்கைவிட, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்ற குறிப்பும் வங்கிக் கடன் நிபந்தனைகளும் முக்கியம். 'கன்சிலியேஷன்' (கடன்காரர்களோடு நடத்தும் சமரசப்) பேச்சுவார்த்தை சட்டப்படி ரகசியம். அறிவிப்பு வரவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

'சோவ்கார்ட்' (நீதிமன்றப் பாதுகாப்பில் நடக்கும் கடன் சீரமைப்பு) தொடங்கியதும் முந்தைய பாக்கி முடங்கும். 'போடாக்' அரசிதழில் தீர்ப்பு வெளியான நாளிலிருந்து பிரான்ஸில் உள்ளவர்களுக்கு 2 மாதம், வெளிநாட்டில் இருக்கும் நமக்கு 4 மாதம் கெடு. அதற்குள் நீதிமன்றம் நியமித்த பிரதிநிதிக்குத் தொகை, கெடு தேதி, பில் நகல், டெலிவரி ரசீது எல்லாம் அனுப்ப வேண்டும். பணம் வரும்வரை சரக்கு நம்முடையது என்று ஒப்பந்தம் இருந்தால், அதைத் திரும்பக் கேட்க 3 மாதம்தான். இரண்டு கெடுவையும் குழப்பினால் சரக்கு கைவிட்டுப் போகும்.